ஜாதிக்காய் மரத்துக்கு ஜாமீன்

குமுளியில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஓரடி மண்கூடச் சும்மா கிடக்காது. வேலிக்கால் ஒவ்வொன்றிலும் மிளகு ஏறியிருக்கும். சாக்கடை ஓரத்தில் சேம்பு நிற்கும். கொல்லையில் கொஞ்சம் ஈரமும் நிழலும் இருந்தால் போதும், நாலு தூர் ஏலம் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட தெருவில், தின்னவும் ஆகாமல் விற்கவும் ஆகாமல் செடி வளர்த்தவள் நான் ஒருத்திதான்.

என் வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெய் டின்களும் விளிம்பு உடைந்த பானைகளும் வரிசையாக இருக்கும். எஸ்டேட் பங்களாக்களில் பழைய செடி என்று பிடுங்கி ஓடையில் வீசுவதை நான் பொறுக்கி வந்து ஊன்றுவேன். பந்து பந்தாக நீலப்பூ பூக்கும் செடி ஒன்று, கசக்கினால் எலுமிச்சை மணக்கும் இலைச்செடி ஒன்று, மரக்கட்டையைத் தொத்திக்கொண்டு மண்ணே வேண்டாம் என்று நிற்கும் செடி ஒன்று. கீழே கம்பத்திலிருந்து முள்ளுக் கள்ளி ஒன்றைக்கூட பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்திருக்கிறேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள், ஜன்னலோரம் அதற்கே கொடுங்கள் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் வாய் கொடுப்பதில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய் மண்டியில் கணக்கப்பிள்ளை வேலை. எண்ணிப் பேசுகிற மனுஷன். என் செடிகளைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறைதான் வாய் திறப்பார். "இதெல்லாம் என்னத்துக்கு?" என்பார். "கண்ணுக்கு" என்பேன். அத்தோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த வீட்டு மதினிதான் தினமும் பேசுவாள். உறவில் மதினி இல்லை. எங்கள் கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம் என்பதால் அவளை நான் மதினி என்றும் அவள் புருஷனை அண்ணன் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் செம்பருத்தி வேலி. அதன் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "ஏத்தா, இன்னைக்கு எந்தக் குப்பைக்குத் தண்ணி?" என்று கேட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும். அவள் கொல்லையில் ஒரு செடியும் வீணாக நின்றதில்லை. மல்லி, கீரை, அவரை, எல்லாம் அடுப்புக்குப் போகிறவை.

ஒரு நாள் மண்டிக்கு வந்த கோட்டயத்து லாரிக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் இரண்டு ஜாதிக்காய் கொடுத்தனுப்பினார். கடையில் விற்கிற காய்ந்த கொட்டை அல்ல. மஞ்சள் தோல் பிளந்து, உள்ளே கொட்டையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஜாதிபத்திரி கவ்வியிருந்த பச்சைக் காய். தலைவலிக்கு உரசிப் பற்றுப் போடச் சொல்லித்தான் கொடுத்தாராம். எனக்குத் தலைவலியெல்லாம் கிடையாது. நான்தான் மற்றவர்களுக்குத் தருவேன் என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இரண்டையும் அன்றைக்கே மண்ணில் புதைத்தேன்.

முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்க்கக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்வேன். மறந்தே போன பிறகு இரண்டும் ஒரே வாரத்தில் தலை நீட்டின. மதினி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இது நெசமாவே காய்க்கிற மரமா?" என்றாள். ஆமாம் என்றதும், "அப்ப எனக்கு ஒண்ணு குடு. வாழ்நாள்ல ஒன்கிட்ட வாங்குற மொத உருப்படியான பொருளு இதாத்தான் இருக்கும்" என்றாள். அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய கன்று வேலிக்கு அந்தப்பக்கம், என்னுடையது இந்தப்பக்கம். சின்னக் கன்றுக்கு வெயில் ஆகாது என்பதால் தென்னோலை வெட்டி நிழல் கட்டினோம். பங்குனி வெயிலில் குடம் குடமாக ஊற்றினோம். சாரல் காலத்தில் கால் முழுக்க அட்டை ஏற, ஒரு கையில் உப்பும் ஒரு கையில் களைக்கொத்துமாக நின்று மண் அணைத்தோம். மதினிக்கு அது கீரை, அவரையோடு ஒன்று. எனக்கு அப்படியில்லை. ஓடையில் பொறுக்காமல், யாரோ வீசியெறியாமல், விதையிலிருந்து நானாக எழுப்பிய மரம் அது ஒன்றுதான். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அதை ஒரு தடவை தொட்டுவிட்டு வராமல் இருந்ததில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. சொன்னால், தொடுவதற்கு என்ன கூலி என்று கேட்பார்.

திருவிதாங்கூர்-கொச்சி போய்க் கேரளம் என்று ஆன வருஷம் என் மரம் முதலில் பூத்தது. சின்னச் சின்னதாக, மணி கவிழ்த்த மாதிரி, வெளிர்மஞ்சள் பூ, கொத்துக் கொத்தாக. கிட்டே போனால் லேசான வாசனை. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். மதினியுடையது தாமதமாகத்தான் பூத்தது. அதுவும் இங்கொன்று அங்கொன்றாக. நான் பெருமையில் ரெண்டங்குலம் உயர்ந்துதான் நடந்தேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், அவள் மரத்தில் காய் தொங்கியது. என் மரத்தில் பூ உதிர்ந்தது.

மறு வருஷமும் அப்படித்தான். அவள் வீட்டுத் திண்ணையெல்லாம் ஜாதிபத்திரி காயும். காயின் தடித்த மஞ்சள் தோலை நறுக்கி ஊறுகாய் போட்டு வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பாள். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் கிண்ணத்தோடு ஒரு வார்த்தையும் வரும். "ஒன் மரத்துக்கும் ஒரு துண்டு காட்டு, ரோசம் வரட்டும்." இல்லையென்றால், "தண்ணியைக் குடிச்சிட்டுச் சும்மா நிக்கிறதுக்கு மரம் என்னத்துக்கு, அதான் வீட்டுக்கு வீடு ஆம்பளைக இருக்காகளே." சிரிப்பேன். ஊறுகாய் நன்றாக இருக்கும். ஆனால் எரிச்சல் எரிச்சல்தான்.

அவள் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தேன். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன். மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன், தெருப்பூனையெல்லாம் வந்து அடியில் படுத்ததுதான் மிச்சம். அடிமரத்தில் ஆணி அறைந்தேன். கண்ணேறுக்குப் பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். கடைசியில் மதினி, "இதுக்கு ஒரே வழிதான். அதட்டிருவோம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்தை அதட்டுகிற வழக்கம் உண்டு. ஒருவர் கோடாலியோடு வந்து வெட்டப்போகிறேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து, வெட்ட வேண்டாம், வர்ற வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்று கெஞ்ச வேண்டும். மரம் கேட்டுக்கொண்டிருக்கும், பயந்து காய்க்கும் என்று கணக்கு. ஒரு மரத்துக்கு ஒரு தடவைதான் ஜாமீன். சொன்ன வருஷம் காய்க்காவிட்டால் ஜாமீன் நின்றவர் பிறகு குறுக்கே வரக்கூடாது. அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோடாலியோடு வந்தாள். மூன்று சுற்று சுற்றினாள். "தின்னுபுட்டுத் தின்னுபுட்டு நிக்கியா? இந்தா, இப்பயே ஒன்னய வெறகாக்குறேன் பாரு" என்று கோடாலியின் பின்பக்கத்தால் மரத்தில் ஒரு போடு போட்டாள். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்த அடி விழுந்து இலையெல்லாம் அதிர்ந்ததும் குறுக்கே பாய்ந்தேன். "வேண்டாம் மதினி, விட்டுருங்க. வர்ற வருசம் காய்ச்சிரும். நான் ஜாமீன்" என்றேன். நடிப்பு இல்லை. நிஜமாகவே கெஞ்சினேன். மதினிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, வா, காப்பி குடிப்போம்" என்றாள்.

வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாமீன் கெடுவை எண்ணி வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் என் மரம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பூத்தது. தரையெல்லாம் மஞ்சள். ஒரு காய் இல்லை. தை பிறந்து மழையும் விட்ட பிறகு வீட்டுக்காரர், "விறகுக்கு ஒரு கொட்டகை போடணும், அந்த இடந்தான் தோது" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் நிதானமாக, "ஜாமீன் காலாவதி ஆயிருச்சு" என்றார். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து மதினி, "தம்பி சொல்றது நாயந்தானத்தா. இம்புட்டு எடத்தை அடைச்சுக்கிட்டு, அது பூத்து யாருக்கு என்ன?" என்றாள். வழக்கம் தெரிந்தே கொடுத்த வார்த்தை. விலகி நின்றேன்.

வெட்டின இடத்திலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. ஜாதிக்காய் மரத்துப் பால் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேரையும் தோண்டியெடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை. ஒரு மரத்துக்காக அழுதேன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். மதினி ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேலி பேசாமல் போனாள். அந்த விறகை என் வீட்டு அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தனையையும் மதினிதான் சுமந்துபோய்த் தன் வீட்டு இறவாரத்தில் அடுக்கினாள்.

அந்த வருஷம் அவள் மரத்தில் ஏற்கெனவே பிடித்திருந்த காய் முற்றிக்கொண்டிருந்தது. எப்போதும் போலப் பிளந்து விழுந்தது. அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு வயிறு பொருமினால் அந்தக் கொட்டையை உரசித்தான் நாக்கில் தடவினாள். "வீட்டு மரத்து மருந்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஏலக்காய் விளைகிற ஊரில் ஜாதிக்காயை வைத்துக்கொண்டு அவள் அடித்த பெருமையைக் காணச் சகிக்காது.

மறு வருஷம் அவள் மரம் பூத்தது. பூவெல்லாம் கொட்டியது. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

முதலில் மழையின் மேல் பழி போட்டாள். பிறகு கண்ணேறு என்றாள். அரிசி கழுவின தண்ணீரும் மீன் தண்ணீரும் இப்போது வேலிக்கு அந்தப்பக்கம் போயின. பூனைகளும் போயின.  

அடுத்த வருஷத்துப் பூவும் கொட்டிக்கொண்டிருந்தபோது, மதினி பேரனுக்குக் காது குத்தக் கம்பம் போயிருந்தாள். அந்த வாரம் ஏலத்துக்கு ஏதோ சீக்கு என்று விவசாய இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மலையாளி. மண்டியில் என் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில், என் பெண்டாட்டியும் ஒரு காடு வளர்க்கிறாள் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. பார்க்க வந்துவிட்டார். என் டின்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார். என் நீலப்பூச் செடியைத் தட்டிக்கொடுத்தார். அப்படி ஒரு மனுஷரை அதுவரை நான் பார்த்ததில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் கொட்டிக் கிடந்த பூவைக் காட்டி, முன்பெல்லாம் காய்த்த மரம், இப்போது ஏன் காய்க்கவில்லை என்று கேட்டேன்.

ஒரு பூவை எடுத்து நகத்தால் கீறினார். "இது பெண்மரமாக்கும். ஆண்மரம் எவிடெ? பக்கத்தில் ஒண்ணு இருக்கணுமல்லோ" என்றார்.

மரத்தில் ஆண் பெண்ணா என்றேன். பப்பாளியில் இல்லையா, அதுபோல என்றார். ஆண்மரம் கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஒருநாளும் காய்க்காது, ஆனால் அதிலிருந்து பூந்தூள் வராவிட்டால் பெண்மரமும் காய்க்காது. "இத்தனை காலம் இது காய்ச்சுதென்னு சொன்னால், அடுத்து எங்கேயோ ஒரு ஆண் நின்னிருக்கும்" என்று சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை விறகுக் கொட்டகையைத் தாண்டிப் போனது. என் பார்வை அதைத் தாண்டவில்லை, என் மரம் நின்ற இடம் அது.

நாலைந்து விதை நட்டால் ஒன்றாவது ஆண் வரும், பூத்த பிறகுதான் எதுவென்று தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதினி திரும்பி வரும்வரை எனக்கு வேலையே ஓடவில்லை. அவளிடம் சொல்லவேண்டியதை அடுப்படியில் நின்று சொல்லிப் பார்ப்பேன். தண்ணியைக் குடிச்சிட்டுச் சும்மா நின்னுச்சா மதினி? பூத்து யாருக்கு என்னன்னு கேட்டீகளே, யாருக்குன்னு இப்பத் தெரியுதா? ஒவ்வொன்றும் வெல்லம் மாதிரி இனித்தது. கொதிப்பும் இருந்தது. என் மரம் அவளுக்காகவே இத்தனை காலம் நின்றிருக்கிறது, நான் ஊற்றின தண்ணீரெல்லாம் அவள் காயாக விழுந்திருக்கிறது, அதை அவள் வாயாலேயே வெட்டச் சொன்னாளே என்று.

வந்த மறுநாளே வேலிக்கு வந்தாள். முழங்கையை ஊன்றவில்லை. முகம் வாடியிருந்தது. "ஏத்தா, ஒங்கண்ணன் இந்த மரத்தை வெட்டணும்னு நிக்காரு. ரெண்டு வருசமா ஒண்ணுமில்லேல்ல, மாட்டுக்கொட்டம் போடணும்ங்காரு. மொதல்ல அதட்டிப் பாப்போம்னு கெஞ்சி வச்சிருக்கேன். நீ வந்து ஜாமீன் நில்லு. நீ நின்னா நெசமா நிப்ப. அன்னைக்குப் பாத்தேன்ல" என்றாள்.

போனேன். அண்ணன் கோடாலியோடு நின்றார். மதினி மாதிரி பின்பக்கத்தால் அடிக்கிற ஆள் இல்லை அவர். கூர்ப்பக்கம்தான் மரத்தைப் பார்த்திருந்தது. மூன்று சுற்று சுற்றிவிட்டு, "காய்க்காத மரம் எனக்கு வேணாம். வெட்டப்போறேன்" என்று ஓங்கினார். மதினி என்னையே பார்த்தாள். வெல்லம் மாதிரி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. நான் குறுக்கே போய் நின்றேன்.

"வெட்டாதீக அண்ணே."

"வர்ற வருசம் காய்க்கும்னு சொல்லு" என்று மதினி கிசுகிசுத்தாள்.

அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. வர்ற வருஷம் காய்க்காது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவைதான் ஜாமீன். நான் பொய்யாக நின்றால் அடுத்த தையில் இதுவும் விறகுதான், அப்போது நானும் குறுக்கே வர முடியாது.

"வர்ற வருசம் காய்க்காதுண்ணே. இன்னும் ஏழெட்டு வருசம் ஆகும். அதுக்கு வேணா நான் ஜாமீன்" என்றேன்.

அண்ணன் கோடாலியை இறக்கிவிட்டார். "ஏழெட்டு வருசமா? இது ஜாமீனா தாயி, ஆயுள் தண்டனையா?" என்றார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தா சொல்ற?" என்றாள்.

சொன்னேன். அதிகாரி வந்ததும், பூவைக் கீறியதும், ஆண்மரம் பெண்மரம் என்றதும், எல்லாம். ஒரு குத்தல் வார்த்தைகூட இல்லாமல் சொல்லி முடித்தேன். அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மதினிக்கு உடனே புரிந்துவிட்டது. வேலிக்கு இந்தப்பக்கம் இருந்த விறகுக் கொட்டகையைப் பார்த்தாள். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். 

கடைசியில், "அந்த வெறகுலதானத்தா என் மகளுக்குப் பேறுகாலத்துத் தண்ணி காய வச்சேன்" என்றாள்.

அண்ணன் கோடாலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாட்டுக்கொட்டத்துக்கு வேறு இடம் பார்த்தார்.

என் வீட்டுக்காரரிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். அடுத்த தடவை கோட்டயத்து லாரி வரும்போது பச்சை ஜாதிக்காய் நாலைந்து வாங்கி வரவேண்டும், வாங்கி வராவிட்டால் இந்த வீட்டில் இனிமேல் உலை கொதிக்காது. வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்காமல் வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான். முளைத்தவற்றை வேலியோரமாக, என் பக்கம், வரிசையாக வைத்தேன். தென்னோலை வெட்டி நிழல் கட்டியது மதினி. தினமும் காலையில் நான் குடத்தோடு வருவதற்குள் கன்றுகளின் அடி நனைந்திருக்கும். வேலிக்கு மேலாகவே ஊற்றிவிட்டுப் போயிருப்பாள்.

ஒரு நாள் வீட்டுக்காரர் மண்டிக்குக் கிளம்பும்போது அந்த வரிசை முன்னால் நின்றார். எண்ணிப் பேசுகிற மனுஷனுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, "இதுல எது காய்க்குமாம்?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பதில் வந்தது.

"காய்க்காததுதான் தம்பி எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, மதினி குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள்.